அவர் நெஞ்சு வழியாகப் பார்த்த சூரியன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் எழுதியது என் கையெழுத்து ஒன்றுதான். ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வருவதற்குள் முன்னால் என்ன சொன்னேன் என்பது மறந்துபோகிறது. முன்பின்னாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்றால் அது இன்னும் கஷ்டம். மீன் விற்றவளுக்கு வாய் இல்லையா என்று கேட்பார்கள். மீனைப் பற்றிப் பேச வாய் வரும். எனக்கென்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் நாக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காகிதத்துக்கு முகம் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது சூரியனைப் பற்றி. என் வீட்டுக்காரரின் மூச்சைப் பற்றியும்தான். இரண்டும் எனக்கு ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டுவிட்டது, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் ஒரு பழைய சங்கதி. எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. முதல் பிள்ளை வயிற்றில். அப்போது திருவொற்றியூர்க் கரையோரம் ஓலைக் குடிசையில் இருந்தோம். ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் சூரிய கிரகணம் என்று குப்பம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. மாமியார் என்னை உள்ளே படுக்க வைத்து, அசையாதே, சொறியாதே, கத்தியைத் தொடாதே, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று சொல்லிவிட்டு, வாசலில் பாயைத் தொங்கவிட்டு அதற்கு வெளியே காவல் உட்கார்ந்துகொண்டார்.

ஓலைக் கூரை என்றால் பொத்தல் இல்லாமலா? எப்போதும் அந்தப் பொத்தல் வழியாக வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழும். அன்றைக்கும் விழுந்தது. வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பக்கம் குறைய ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் ஒரே பக்கம். அப்புறம் பார்த்தால் தரை பூராவும், பானை மேல், புடவை மேல், என் வயிற்றின் மேல், நகம் வெட்டிப் போட்ட மாதிரி வளைவு வளைவாக வெளிச்சம். கிரகணத்தைப் பார்க்கக் கூடாது என்று என்னை உள்ளே போட்டார்கள். அது கூரைப் பொத்தலில் இறங்கி என்னைப் பார்க்க வந்துவிட்டது. பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. ஒரு வளைவின் மேல் கையை நீட்டினேன், கை மேல் ஏறிக்கொண்டது.

யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததும் அவன் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். நல்லபடியாக இருந்தது. இப்போது அவன் பெரம்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த வட்டங்களைக் கடித்தது எது, ஏன் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் கடித்தது, இது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. யாரைக் கேட்பது? வஞ்சிரம் எப்படி என்று கேட்க வருகிறவர்களிடம் சூரியன் எப்படி என்று நான் கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

அந்தக் குடிசையைச் சுனாமி கொண்டுபோனது. அப்புறம் எங்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். இரண்டாவது மாடி. கான்கிரீட் கூரை, ஒரு பொத்தல் கிடையாது.

அந்த வீட்டுக்கு வந்து சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கு டி.பி. வந்தது. மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, மறுபடியும் பைபர் படகில் வலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அப்போது எடுத்த எக்ஸ்ரே படம் ஒரு பழுப்புக் கவரில் பீரோ மேல் கிடந்தது. அவருக்கு அதைக் கண்டால் ஆகாது.

"இன்னாமே, எலும்புக்கூட வூட்ல வெச்சிகினு? தூக்கிக் கடாசு" என்பார்.

"இருக்கட்டும். பத்திரமா வெச்சிக்கச் சொல்லிக்கிறாங்க" என்பேன். பத்திரமாக வைத்ததும் நான்தான். வெட்டியதும் நான்தான்.

கொரோனா வந்ததே, அதற்கு முந்தின மார்கழி. கிரகணம் வருகிறது என்று டிவியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சொன்னார், சூரியன் ஒரு பெரிய அன்னக்கூடை அளவு என்றால் நாம் இருக்கிற மொத்த உலகமும் அதன் பக்கத்தில் ஒரு மிளகு என்று. அந்த மிளகையும்விட நிலா சின்னது, ஆனால் கிட்டத்தில் இருப்பதால் சூரியனையே மறைத்துவிடுகிறது என்று. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் சேனலை மாற்றிவிட்டார். நான் என்ன கேட்டேன், எதனால் நின்றேன் என்று அவருக்குத் தெரியாது. சொன்னால்தானே தெரியும்.

மறுநாள் கரைக்குப் போனபோது தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றிருந்தது. அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டினேன். கப்பல் காணாமல் போயிற்று. அத்தனை பெட்டி, அத்தனை இரும்பு, அதில் சோறு தின்கிற மனுஷர்கள் எல்லாம் என் ஒரு நகத்துக்குப் பின்னால். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். கப்பல் ஒரு பக்கமாகக் கடிபட்டு வெளியே வந்தது. குடிசைத் தரையில் பார்த்த அதே கடி! இந்தத் தடவை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. அந்த வயசில் எனக்கு வரக்கூடாத பிடிவாதம்.

கிரகணம் வந்த அந்தத் தேதிதான் பல வருஷத்துக்கு முன்னால் சுனாமி வந்த தேதியும். வருஷா வருஷம் அன்றைக்கு எங்கள் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அலையோடு போனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுவோம். அந்த வருஷம் கிரகணமும் சேர்ந்துகொண்டதால், அது பிடிப்பதற்கு முன்னாலேயே பாலை ஊற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் விடியும்போதே கரைக்குக் கிளம்பிவிட்டார்.

எக்ஸ்ரே படத்தின் வழியாகப் பார்ப்பார்கள் என்று மார்க்கெட்டில் பேசிக் கேட்டிருந்தேன். அப்படிப் பார்க்கக்கூடாது, கண் போய்விடும், அதற்கென்று தனிக் கண்ணாடி இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. கவரை எடுத்தேன். முழுப் படத்தையும் கையில் பிடித்துக்கொண்டு துக்க நாளில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் எப்படிப் போவது? எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். உள்ளங்கையில் மறைகிற மாதிரி சின்னத் துண்டு போதும் என்று நினைத்தேன். ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எலும்பெல்லாம் வெள்ளை. சூரியனைத் தாங்கக் கறுப்பு வேண்டும். நல்ல கறுப்பு எங்கே இருக்கிறது? நெஞ்சுக்கூட்டுக்குள்ளே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மீனுக்குச் செட்டை நறுக்குகிற கத்திரிக்கோலால் இரண்டு துண்டு வெட்டினேன். கண்ணுக்கு ஒன்று என்று கணக்கு. அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. குணமான வியாதி, வேண்டாத படம், இப்படித்தான் நினைத்தேன்.

கரையில் பால் ஊற்றி, அழுது, பெரியவர்கள் விரட்ட விரட்ட ஜனம் கலைந்தது. அவரும் போய்விட்டார். நான் பால் சொம்பைக் கழுவுகிறேன் என்று கருங்கல் குவியலுக்குப் பின்னால் தங்கிவிட்டேன். எதிர்வீட்டுக்காரியும் போகவில்லை. அவளுக்கு ஒரே மகள். சுனாமி அன்றைக்கு முதல் அலை வந்து திரும்பியபோது, கடல் உள்ளே போகிறது என்று வேடிக்கை பார்க்க ஓடின பெண். ஒவ்வொரு வருஷமும் அவள் கடைசி வரைக்கும் கல் மேல் உட்கார்ந்துதான் இருப்பாள். நாங்களும் விட்டுவிடுவோம்.

அவளுக்கு முதுகைக் காட்டி நின்று துண்டுகளைக் கண்ணில் வைத்தேன். மேகம் வந்து வந்து போனது. ஒரு தடவை விலகியபோது தெரிந்தது. கறுப்புக்கு நடுவில் சிவப்பாக, தணல் மாதிரி, ஒரு பக்கம் தின்னப்பட்ட சூரியன். அதன் மேல் சாய்வாக வெள்ளைக் கோடு ஒன்று. அது அவருடைய விலா எலும்பு.

"யக்கா, கண்ணுல இன்னாத்த வெச்சிகினு கீற?"

திடுக்கிட்டுவிட்டேன். "ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதத்தயா அவ்ளோ நேரமா பாத்துகினு கீற? குடு இப்டி."

ஒரு துண்டைக் கொடுத்தேன். வாங்கி வைத்துப் பார்த்தாள். "ஐய! எலி கொறிச்ச அப்பளம் கணக்கா கீது!" என்று சிரித்தாள். அந்த நாளில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இதுல இன்னாக்கா கோடு?"

"எங்க வூட்டுக்காரரு எலும்பு."

"அண்ணன் எலும்பா!" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதான் எப்பப் பாத்தாலும் அந்தாளு சுடுசுடுன்னு கீறாரா? சூரியன முழுங்கிட்டு எதுவும் தெரியாத மாதிரி வலை பின்னிகினு உக்காந்துகிறாரு!"

நானும் சிரித்துவிட்டேன். பால் ஊற்றின இடத்தில் பூ இன்னும் அலையில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அப்புறம் மறுபடி ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அதை எப்படி எழுதுவது? அவ்வளவு பெரியது, அவ்வளவு தூரத்தில், யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கடலே அதற்கு ஒரு சொட்டு. கடல் எங்களை வாரிக்கொண்டு போனபோதுகூட எங்களை அந்தச் சூரியனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். பகை இல்லை, ஒன்றும் இல்லை, நாங்கள் அதன் கண்ணில் படவே இல்லை. இதை நினைத்தால் பயப்பட வேண்டும். எனக்கு என்னவோ பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வயசாக நாலு பேர் பார்ப்பார்கள், நாலு பேர் பார்ப்பார்கள் என்று குனிந்தே நடந்தவள். இங்கே என்னைப் பார்க்க யாரும் இல்லை. ஒரு நிமிஷம் நான் இல்லை, வீடு இல்லை, அவருக்கு அந்த மாசம் மறுபடி ஆரம்பித்திருந்த இருமல் இல்லை. அவர் எலும்பு வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நினைவே எனக்கு இல்லை. வெட்டியதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது.

திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரி தண்ணீர் ஓரம் இறங்கி நின்றாள். கையில் இருந்த துண்டைக் கடலில் போட்டுவிட்டாள்.

"இன்னாடி பண்ண?"

"பாப்பாவும் பாக்கட்டும்கா. அதுக்கு இதெல்லாம்னா உசுரு. எது வந்தாலும் ஓடிப் பாக்கும்."

அலை அந்தத் துண்டை ஒரு தடவை திருப்பிக் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனது. என்னுடைய துண்டை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கவருக்குள் போட்டேன்.

பொங்கல் கழித்து அவருக்குச் சளியில் நூல் மாதிரி ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதுப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்து, இடது பக்கம் மேலே ஒரு நிழல் இருக்கிறது என்றார். "பழைய டி.பி. தழும்பா இருக்கலாம், புதுசா ஏதாவது கட்டியாவும் இருக்கலாம். முன்னாடி எடுத்த படம் இருக்கா?"

"கீது டாக்டரம்மா" என்றார் அவர், நிமிர்ந்து உட்கார்ந்து. "நான் தூக்கிப் போடச் சொன்னேன். இவதான் உடல. பத்திரமா வெச்சிகிறா."

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வேலை பண்ணீங்கம்மா. அதுலயும் இதே நிழல் இதே அளவுல இருந்தா கவலையே இல்ல. நாளைக்கே கொண்டாங்க."

தரை பிளந்து நான் உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கல்மண்டபம் தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்க முடியவில்லை. அப்புறம் சொன்னேன்.

"அந்தப் படம் முழுசா இல்லீங்க."

"இன்னா முழுசா இல்ல?"

"வெட்டிட்டேன். கிரகணம் பாக்கறதுக்கு. நடுவுல, ரெண்டு பக்கமும்."

"என் நெஞ்சயா?" என்று அவர் கத்தியதில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். "ஏமே, ஊரு ஒலகத்துல வேற பொருளே கெடைக்கலியா ஒனக்கு? என் நெஞ்ச அறுத்தா சூரியன பாப்ப?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, சாலையைத் தாண்டி, மாடிப்படிக்கு வந்த பிறகு கேட்டார்.

"தெரிஞ்சிதா?"

"எது?"

"அதாம்மே. சூரியன்."

"தெரிஞ்சிது."

"ம்" என்றார். மேலே ஏறிப் போய்விட்டார். அப்போது இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறுவார்.

எதிர்வீட்டுக்காரியிடம் போய்க் கேட்டேன். அவள் போட்டது போட்டதுதான், ஆனாலும் கரை ஒதுங்கியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. இரண்டு பேரும் போய்க் கல்லிடுக்கெல்லாம் தேடினோம். பிளாஸ்டிக் பை, பிய்ந்த வலை, ஒற்றைச் செருப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. கடல் எல்லாருடைய குப்பையையும் திருப்பிக் கொடுத்திருந்தது, எங்களுடையதைத் தவிர. அவள் அழுதாள். "நான்தான்கா தூக்கிப் போட்டேன், அண்ணனாண்ட நான் சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் என்ன தெரிந்தா போட்டாள்? எனக்குத்தான் அது என்ன என்று தெரியும்.

மறுநாள் டாக்டரம்மா அந்தப் படத்தை விளக்கில் மாட்டியதும் இரண்டு சதுர ஓட்டை வழியாக வெளிச்சம் பளீரென்று அடித்தது.

"என்னம்மா இது? ஜன்னல் வெச்சிருக்கீங்க?"

எனக்கு நாக்கு வரவில்லை. முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் வெட்னேன் டாக்டரம்மா" என்றார் அவர். "கிரகணம் பாக்க."

"பெரியவரே, இந்த வயசுல விளையாட்டா? பக்கத்துல இருக்கறவங்க சொல்லக்கூடாதா?"

"சொன்னா கேக்கற ஆளா நானு?" என்று இளித்தார்.

நான் வைத்திருந்த துண்டை அவர் நீட்ட, டாக்டரம்மா அதை ஓட்டையில் பொருத்திப் பார்த்தார். அது வலது பக்கம். நிழல் விழுந்திருந்தது இடது பக்கம். அந்தத் துண்டு கடலில் இருந்தது. நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவரைக் கிரகணத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் கிரகணத் தாத்தாவாகவே இருந்துவிட்டார்.

பழைய படம் இல்லாததால் ஊசி போட்டு அந்த இடத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். விலா நடுவில் போடுகிற நீள ஊசி. சில பேருக்கு அதனால் நுரையீரலிலிருந்து காற்றுக் கசியும் என்று முன்கூட்டியே எடுத்துச் சொன்னார்கள், அவரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கசிந்தது. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். விலாவில் குழாய் வைத்து, அதைக் கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் விட்டிருந்தார்கள். அவர் மூச்சு விட விட அதில் குமிழி வரும். நான் தரையில் உட்கார்ந்து அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்தால் ஏன் வருகிறது என்று பயம், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பயம்.

ரிசல்ட் வந்தது. பழைய தழும்புதான். வேறு ஒன்றும் இல்லை. ரத்தம் வந்தது தழும்பினால்தான், மருந்துக்கு நின்றுவிடும் என்றார்கள், நின்றும்விட்டது. டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அப்படியானால் அந்தப் படம் இருந்திருந்தால்? அதை மட்டும் நான் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "படம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று டாக்டரம்மா தானாகவே சொன்னார். அதைத்தான் இத்தனை வருஷமாக நான் மென்றுகொண்டிருக்கிறேன்.

அவர் நுரையீரல் அதற்கப்புறம் முழுசாக விரியவில்லை. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஊரடங்கு போட்டார்கள், யாருமே கடலுக்குப் போகவில்லை, அதனால் அவர் போகாதது தெரியவில்லை. ஊரடங்கு முடிந்து படகெல்லாம் கிளம்பியபோதுதான் தெரிந்தது. வலையை இழுக்க மூச்சு இல்லை. படகில் அவர் இடத்துக்கு வேறு ஆள் ஏறிக்கொண்டான். இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையைப் பின்னிக் கொடுக்கிறார். படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் கை வைத்து, யாரோ வருவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி வெளியே பார்ப்பார்.

என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்கக்கூடாத விதத்தில் பார்த்தவள் நான். ஊசியில் நூல் கோர்க்கிறேன் இப்போதும். அதுவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு சமயம் இப்படி நினைத்துப் பார்த்தேன். உலகமே மிளகு என்றால் அதில் நான் என்ன, என் தப்பு என்ன? கண்ணுக்கே தெரியாத தூசு. அந்த வானத்தை நினைத்து மனசை ஆற்றிக்கொள்ளலாமே. கரையில் நின்று கப்பலை மறைத்த மாதிரிக் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தேன். ஆனால் இந்தத் தப்பு கிட்டத்தில் இருக்கிறதே. நிலா மாதிரி. எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன, கிட்டத்தில் இருப்பது மொத்தத்தையும் மறைத்துவிடுகிறது. அவர் படியில் நின்று மூச்சு வாங்கும்போது எனக்குச் சூரியனும் தெரிவதில்லை, ஒன்றும் தெரிவதில்லை.

தெரிவதில்லை என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, தீபாவளிக்கு மறுநாள் சாயந்திரம் ஒரு சின்ன கிரகணம் வந்தது. சூரியன் இறங்குகிற நேரத்தில் கொஞ்சம்தான் கடிக்கும் என்றார்கள். அன்றைக்கு நான் வீட்டைச் சாத்திக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பீரோ மேல் கையை விட்டு ஒரு கவரை எடுத்தார். குழாய் வைத்திருந்தபோது எடுத்த படம்.

"இந்தா. இது வெட்டாத படம். வா மாடிக்கு."

"வேணாங்க. அதுல பாக்கக்கூடாதாம், கண்ணு பூடும்."

"இருக்கறதே பாதி உசுரு, கண்ணு போனா இன்னா? வாமே."

"நான் வரல."

"அன்னிக்கு என்ன உட்டுட்டு நீ மட்டும் பாத்த இல்ல? இன்னிக்கு நான் பாக்கறேன். நீ அரிசிய பொடச்சிகினு கெட."

கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது கிண்டலாக இறங்கவில்லை. போய்விட்டார். படிக்கட்டில் அந்தப் படம் தகடு மாதிரி ஆடுகிற சத்தம் கேட்டது. முதல் திருப்பத்தில் நின்றது. மறுபடி கேட்டது. இன்னொரு திருப்பத்தில் நின்றது. நான் முறத்தை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவே இல்லை.

ஓடினேன். என் வயசுக்கு அப்படி ஓடியிருக்கக்கூடாது. மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது, கடைசிப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்காகத்தான் ஓடி வந்தேன். சத்தியமாக அவருக்காகத்தான். ஆனால் கதவைத் தாண்டியதும் நான் முதலில் பார்த்தது அவரை இல்லை. மேற்கைத்தான் பார்த்தேன். என் கண் தன்னால் அங்கே போய்விட்டது.

அதை அவர் பார்த்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"போச்சுமே. மறைஞ்சிட்ச்சி."

மேற்கே வரிசையாகக் கட்டடம், அதற்குப் பின்னால் கம்பெனிப் புகை. அதில் எங்கேயோ சூரியன் இறங்கிப் போயிருந்தது. வானம் மட்டும் சிவந்து கிடந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அவர் படத்தைத் தூக்கி அந்தச் சிவப்புக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னா தெரியுது?" என்றேன்.

"என் எலும்புதான் தெரியுது. தோ, கொழா." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ பாத்தப்போ எப்டி இருந்திச்சி? சொல்லவே இல்லியே."

அப்போதுதான் சொன்னேன். குடிசையில் கூரைப் பொத்தல் வழியாக வந்ததிலிருந்து, கப்பல், மிளகு, எதிர்வீட்டுக்காரி சிரித்தது, அவர் எலும்புக்குப் பின்னால் தணல் மாதிரி இருந்தது, எல்லாம். கல்யாணம் ஆகி அவரிடம் நான் அவ்வளவு நேரம் பேசினது அன்றைக்குத்தான். அந்த ஒரு நிமிஷம் உங்கள் நினைவே எனக்கு இல்லை என்பதையும் சொன்னேன். அவர் படத்தைக் கவருக்குள் போட்டார்.

"அடுத்தது எப்போ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதினதைச் சரிபார்க்க வேண்டும். மிளகும் அன்னக்கூடையும் டிவியில் கேட்டது, என் ஞாபகத்தில் மாறியிருக்கலாம். பழைய படம் இருந்திருந்தால் ஊசி போடாமலே விட்டிருப்பார்களா என்பதை, தெரிந்த டாக்டர் யாரிடமாவது கேட்டு, எதுவானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த சூரிய கிரகணம் எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் எப்போது, காலையா சாயந்திரமா, கடல் பக்கமா கட்டடத்துப் பக்கமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். அந்தத் தனிக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்றும். இரண்டு வேண்டும். அவர்தான் கேட்கச் சொன்னார் என்று எழுதலாம் என்று இருந்தேன். நானும்தான் கேட்கிறேன்.